அரிசி என்று என் காதில் விழுந்த சொல்

1

போன சனிக்கிழமை என் தங்கை மாரியம்மாள் புதியம்புத்தூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். ரெடிமேட் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் அவள் இப்போது வேலை பார்க்கிறாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். இங்கே ஜெர்மனியில் எனக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. அவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "எங்க அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில வேல பாக்கா" என்று மாரி ஒவ்வொருத்தரிடமாகப் போனைக் காட்டினாள்.

கடைசியில் ஒரு பெண் போனைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள். "எக்கா, அங்கன உங்களுக்குப் பயமே இருக்காதுல்லா? எங்களுக்கு மழை பெய்யலன்னாலும் பயம், பெஞ்சாலும் பயம். உங்களுக்கு அதெல்லாம் கெடையாதுல்லா?"

"இங்கன குளிருதான் பயம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெண் வெறுமனே கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள நினைத்துக் கேட்டாள். நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

2

எனக்குப் பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மானாவாரிக் கரிசல். ஐப்பசியில் மழை இறங்கினால் உளுந்தும் பாசியும் கம்பும் போடுவோம். இறங்காவிட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறுவோம். நானும் மாரியும் அம்மாவும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்பியவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் கோவில்பட்டி போனேன். என் வீட்டுக்காரர் சங்கரன் அங்கே ஒரு ஓட்டலில் சமையல் மாஸ்டர். அந்தக் கைப்பக்குவம்தான் அவரை ஜெர்மனியில் ஒரு இந்திய உணவகத்துக்குக் கொண்டுவந்தது. எங்கள் மகள் அபிநயாவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் அவர் பின்னால் வந்து சேர்ந்தோம்.

அபிநயாவை இங்கே பள்ளியில் அபி என்று கூப்பிடுகிறார்கள். இங்கே பள்ளிப் படிப்பின் கடைசிப் பெரிய தேர்வுக்கும் செல்லப் பெயர் அபிதான். "உன்னைப் பாஸ் பண்ணுறது ரொம்பக் கஷ்டமாமே" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். முதலில் அழுதாள். பிறகு அவளே அதைச் சொல்லிச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். எட்டு வயதுக்குள் அவள் ஜெர்மன் மொழியில் கனவு காண ஆரம்பித்திருந்தாள். தூக்கத்தில் அவள் உளறுவது எனக்குப் புரியாமல் போன அன்றைக்குத்தான் முதல்முதலாக இந்த ஊர் எனக்குப் பயம் காட்டியது.

எங்களுக்கு மொழி வரவில்லை. அவர் அடுப்படியிலேயே நின்றார். நான் பக்கத்துக் கட்டடங்களில் படிக்கட்டு துடைத்தேன். வெண்டைக்காய், பால், நன்றி, மன்னிக்கவும் என்ற அளவில் எங்கள் ஜெர்மன் நின்றுவிட்டது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப் போட்டோம். தபால் பெட்டியில் வருவதை எல்லாம் அபிதான் படித்துச் சொல்லுவாள். டாக்டரிடமும் ஆபீஸிலும் அவள்தான் எங்கள் வாய்.

அப்படி இருக்கையில் ஒருநாள் அண்டாவைத் தூக்கும்போது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தண்டுவடத் தட்டு விலகிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். அவர் படுத்திருந்த மாதங்களில் உணவக முதலாளி கடையையே மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அரசாங்கம் தரும் உதவித் தொகையில் வீடு ஓடியது. நம் ஊரில் இதைக் கேட்டால், அரசாங்கமே சோறு போடுகிறதே என்பார்கள். இங்கே வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்படி இல்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் பிழைக்கிறாயா என்று பார்த்துத்தான் தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிப்பார்கள். அது அரைகுறையாக எனக்குத் தெரியும். முழுசாகத் தெரியாததால் பயமும் அரைகுறையாகத்தான் இருந்தது.

3

அட்டையைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அவரால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. அதனால் நானும் அபியும் மட்டும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனோம். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அன்றைக்கு அவளுக்குப் பள்ளியில் விளையாட்டு விழா. ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஒரு வார்த்தை முணங்காமல் என்னோடு வந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நடுத்தர வயதுக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பேசினார். குரலை உயர்த்தவில்லை. அவர் பேசியது ஒரு நீளமான பேச்சு. அதில் வேலை என்ற சொல் எனக்குப் புரிந்தது. குடும்பம் புரிந்தது. ஒரு வருடம் புரிந்தது. பிறகு ரைஸ், ரைஸ் என்று இரண்டு மூன்று தடவை காதில் விழுந்தது. ஜெர்மன் மொழியிலும் அரிசிக்கு ரைஸ் என்றுதான் பெயர்.

"என்னட்டி, அரிசியப் பத்தி என்னமோ கேக்காவ?" என்றேன் மெதுவாக.

அபி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "அப்பா ஓட்டல்ல என்ன வேல பாத்தாங்கன்னு கேக்காங்கம்மா. சோறு, பிரியாணின்னு நான் சொல்லிட்டேன்."

"கார்டு?"

"ஒரு வருஷத்துக்குத் தாராங்க. அதுக்குள்ள நீ ஏதாவது படிச்சு வேலைக்குப் போனா நல்லதுன்னு சொல்லுதாங்க."

அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அபியிடம் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். நான் எழுந்து நின்று, அவர் சொன்ன எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து நன்றி சொன்னேன். படி இறங்கும்போது அபி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்து நடப்பதை அவள் விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை பாசமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

4

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்று பயிற்சிகளைச் சொன்னார்கள். முதியோரைப் பார்த்துக்கொள்வது, கட்டடத் துப்புரவு, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவிச் சோதித்து அடுக்கி நீராவியில் கிருமி நீக்குவது. "மூணாவதை எடும்மா. அதுல யார்கிட்டயும் பேச வேண்டாம்" என்றாள் அபி. அதற்காகத்தான் எடுத்தேன்.

முதல் நாள் வகுப்பில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நாற்பது வயதுக்கு மேல் பென்சிலைக் கையில் பிடிக்கிறேன். கிருமிகளின் வகை, தண்ணீரின் கடினம், நீராவியின் அழுத்தம் என்று ஆசிரியை பலகையில் எழுதிக்கொண்டே போனார். ஜெர்மன் மொழியில் ஒரு சொல் ரயில் மாதிரி நீளும். பெட்டியைக் கழற்றிக் கழற்றித்தான் பொருள் கண்டுபிடிக்க வேண்டும். நான் கடைசிப் பெட்டிக்கு வரும்முன் ஆசிரியை அடுத்த பலகைக்குப் போயிருப்பார். தவறாகப் பதில் சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, தெரிந்த கேள்விக்கும் வாயைத் திறக்கமாட்டேன்.

அதே சமயத்தில் ஊரில் மாரிக்கும் பயிற்சி. அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் மிசின் வந்துவிட்டது. பெண்களில் பாதிப் பேரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் உளுந்து அறுக்கிற நேரத்தில் விடாத மழை. நெற்று செடியிலேயே முளைத்துப் போயிற்று. அவள் வீட்டுக்காரர் மணியாச்சிப் பக்கம் தண்டவாள வேலைக்குக் கூலியாகப் போனார். மாரி, பெண்களுக்கான தையல் பயிற்சியில் சேர்ந்து தினமும் பஸ் மாறிப் புதியம்புத்தூர் போய் வந்தாள். வீட்டில் கால் மிசின் மிதித்திருக்கிறாள். ஆனால் அங்கே எல்லாம் கரண்டு மிசின்.

ஒரு சாயங்காலம் கூப்பிட்டாள். வலது ஆள்காட்டி விரலில் கட்டு.

"எக்கா, ஊசி ஏறிட்டு. காலு வச்ச ஒடனே அது பாட்டுக்குப் பாயுது. எனக்கு நெஞ்சு பதறுது. நாளைக்குப் போகாண்டாம்னு இருக்கேன்."

"டீச்சர் என்ன சொல்லுதாவ?"

"அவிய ஒண்ணும் ஏசல. பொம்பளைய சொந்தக் காலுல நிக்கணும்னு பாடம் எடுக்காவ. எனக்குக் காலுலதாங்க்கா பயமே. மிதிக்கதே அந்தக் காலுதான."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இங்கனயும் அதேதான்ட்டி சொல்லுதாவ. சொந்தக் காலுல நிக்கணும்னு, அப்படியே, இவிய பாஷையில. எனக்கும் நாளைக்குப் போகாண்டாம் போலத்தான் இருக்கு."

"அப்ப ரெண்டு பேரும் போகாண்டாம்" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். மறுநாள் இரண்டு பேரும் போனோம்.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. பரீட்சைக்கு முன்னால் நான் அவளுக்குக் கருவிகளின் ஜெர்மன் பெயர்களைச் சொல்லிக் காட்டுவேன். அவளுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் எங்கேயாவது தடுமாறினால், "எக்கா, இது சரியில்ல போலுக்கே, குரலு இறங்குது" என்பாள். அவள் காலர் எப்படித் திருப்புவது, கை எப்படிப் பொருத்துவது என்று எனக்குச் சொல்லுவாள். நானும் "ம்" கொட்டுவேன்.

அபியும் அந்த நாட்களில் சித்தியோடு போனில் நிறையப் பேசினாள். சித்தியிடம் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து வயதில் நான் அ, ஆ சொல்லிக் கொடுத்தபோது காதைப் பொத்திக்கொண்டு ஓடியவள். இப்போது தானாக உட்கார்ந்து ணகரத்துக்குச் சுழி எண்ணிக்கொண்டிருந்தாள். இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்களிடம் எல்லாம் பெருமையாகச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் விலகிப் போகிறார்கள், என் பிள்ளை திரும்பி வருகிறாள் என்று சொன்னேன்.

தேர்வில் தேறினேன். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் காரணம் சொல்லாமலே நிறுத்திவிடலாம்.

5

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எங்கள் பகுதி இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஆபரேஷன் முடிந்து ரத்தமும் சதையுமாக வரும் தட்டுகளை ஒரு பக்கம் வாங்குவோம். சுத்தமாகி, உறையிட்டு, நீராவியில் வெந்து இன்னொரு பக்கம் வெளியே போகும். வாங்கும்போதே ஒவ்வொரு கருவியும் திரும்பி வந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஒரு கத்தரிக்கோல் குறைந்தால் அது எங்கே இருக்கிறது என்பது வெறும் கேள்வி இல்லை.

மூன்றாவது மாதத்தில் ஒருநாள் காலை. வயிற்று ஆபரேஷன் தட்டு ஒன்றை நான் வாங்கி எண்ணினேன். ரத்தக் குழாயைப் பிடிக்கும் சின்னக் கவ்வி ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினேன். குறைந்தது. என் பக்கத்தில் நின்ற யாஸ்னாவை எண்ணச் சொன்னேன். போஸ்னியாக்காரி. அந்தப் பகுதியில் எனக்கு வேலை பழக்கியவள் அவள்தான். அவள் எண்ணியும் குறைந்தது.

ஆபரேஷன் அறையிலிருந்து சரியாக அனுப்பியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் நான் தொலைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் ஒரு மனிதரின் வயிற்றுக்குள் அது இருக்கிறது. இரண்டில் எது உண்மையாக இருந்தால் எனக்கு நல்லது என்று ஒரு கணம் மனசு கணக்குப் போட்டது. அப்படி நினைத்த மனசைக் கண்டு இன்னும் பயந்தேன்.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். கவ்வி இல்லை என்பதற்கு உண்டான சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. தட்டைக் காட்டி, "ஒண்ணு இல்ல. ஒண்ணு இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்தார். கழுவும் மிசினை நிறுத்தினார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. அவரை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தகவல் வந்தது. எங்களைக் குப்பைப் பைகளையும் வடிகால் சல்லடையையும் தேடச் சொன்னார்கள்.

நான் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். ஏனோ கோவில்பட்டியில் ஒருநாள் குச்சி அடுக்கிய சட்டம் ஒன்று உரசித் தீப்பிடித்தது நினைவுக்கு வந்தது. ஒரு சீறல், அவ்வளவுதான். யாரோ கோணியைப் போட்டு அமுக்கிவிட்டார்கள். ஆனால் நாங்கள் எல்லோரும் வெளியே ஓடி வெயிலில் நின்றோம். அம்மா என்னையும் மாரியையும் தலையிலிருந்து கால் வரை தடவித் தடவிப் பார்த்தாள். மறுநாள் வேன் வந்து ஹாரன் அடித்தது. ஒருத்தர்கூட நிற்கவில்லை, எல்லோரும் ஏறினோம். எப்படி ஏறினோம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"எனக்கு வேல போயிருமா?" என்று யாஸ்னாவிடம் கேட்டேன்.

"சொன்னதுக்காக யாரையும் நிறுத்த மாட்டாங்க" என்றாள். பிறகு கேட்டாள். "உன்கிட்ட என்ன அட்டை இருக்கு?"

சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அப்போ நீ பயப்படுறது சரிதான். வேலை இல்லன்னா அவுஸ்ரைஸ."

"அரிசியா?" என்றேன்.

யாஸ்னா சிரித்துவிட்டாள். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். ஒரு கையுறையைக் கழற்றினாள். எஃகு மேசை மேல் இரண்டு விரலை வைத்து ஓர் ஆள் நடப்பது மாதிரி நடத்திக் காட்டினாள். விரல்கள் மேசை விளிம்புவரை நடந்து அந்தப் பக்கம் இறங்கின.

"நாட்டை விட்டு வெளியே போறது" என்றாள்.

நான் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசிய மனிதரின் குரல் காதில் கேட்டது. இரண்டு மூன்று தடவை அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

"இந்தச் சொல்லை எங்கிட்ட ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க" என்றேன். "போன வருஷம்."

"யார் மொழிபெயர்த்தா?"

"என் மக."

யாஸ்னா கழற்றிய கையுறையை மெதுவாக மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு அப்போ ஒன்பது வயசு. ஊர்ல போர் முடிஞ்ச நேரம். இதே மாதிரி ஒரு ஆபீஸ்ல அம்மா பக்கத்துல உக்காந்து நான் ஒரு வார்த்தைகூட விடாம சொன்னேன். அம்மா அந்த நாற்காலியிலேயே மயங்கிட்டா" என்றாள். "உன் மக என்னைவிடப் புத்திசாலி."

போன் அடித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆபரேஷன் அறையில் சுருட்டிப் போட்ட துணிக்குள் கவ்வி கிடைத்துவிட்டது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். மேற்பார்வையாளர் என் தோளைத் தட்டி, உடனே சொன்னது நல்லது, இனி இன்னும் சத்தமாகச் சொல் என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அப்படிப் புரிவதே பயமாக இருந்தது.

6

வீட்டுக்கு வந்தபோது அபி சித்தியோடு போனில் இருந்தாள். மாரி ஒரு வரி சொல்ல, அவள் எழுதி, கேமராவில் காட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் டாக்டர் சொல்லிக்கொடுத்த முதுகுப் பயிற்சியைத் தரையில் படுத்துச் செய்துகொண்டிருந்தார். நான் கோட்டைக் கழற்றவில்லை. அவள் போனை வைக்கும்வரை நின்றேன்.

"அபி, அன்னைக்கு ஆபீஸ்ல அவிய சொன்னது அரிசி இல்லல்லா?"

அவள் பேனாவை மூடினாள். "யார் சொன்னா?"

"யாஸ்னா."

நோட்டையும் மூடி வைத்தாள். பிறகு ஜெர்மனில் தொடங்கி, நிறுத்தி, தமிழுக்கு வந்தாள். "அப்பா படுத்திருந்தாங்க. நான் சொல்லியிருந்தா நீ அழுவே. அழுதா உன்னால படிக்க முடியாது. படிக்காட்டி வேல இல்ல. வேல இல்லாட்டி..." முடிக்கவில்லை. "நீயா அரிசின்னு சொன்னே. நான் அப்படியே விட்டுட்டேன்."

"ஒரு வருஷமா?"

"ஆமா."

அவளை நான் கோபத்தோடு பார்க்கவில்லை. அவள் அழவும் இல்லை. கேட்கக் கூடாது என்று தோன்றியும் கேட்டுவிட்டேன். "அப்பம் தமிழ் எழுதப் படிச்சது?"

"அங்க போனா ஸ்கூல்ல சேரணும்ல? எழுதத் தெரியலன்னா ஒண்ணாம் கிளாஸ்ல உக்கார வச்சிருவாங்களோன்னு."

உள் அறையில் அவர் மூச்சை இழுத்து விடும் சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து வந்து கதவுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அபியின் தலையில் கையை வைத்தார். அவளுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினான்கு ஆகியிருந்தது. அந்த வருஷம் பள்ளிச் சுற்றுலாவுக்கு வரவில்லை என்று அவளே சொன்னாள். புதுச் சைக்கிள் வேண்டாம் என்றாள். சிநேகிதி வீட்டுக்குப் போவதைக் குறைத்தாள். வளர்ந்த பிள்ளை, பொறுப்பு வந்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டிருந்தோம்.

மாரியைக் கூப்பிட்டேன். "அபி உங்கிட்ட என்னட்டி கேட்டா?"

"கோயில்பட்டியில எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, பொம்பளப் பிள்ளைய பஸ்ஸுல போவாவளா, சித்தி வீட்டுல எனக்குப் படுக்க எடம் இருக்குமான்னு கேட்டா. வெளையாட்டுக்குக் கேக்கான்னு நெனச்சேங்க்கா. எடம் என்ன எடம், எங்கூட படுத்துக்கோன்னு சொன்னேன்." பிறகு, "ஏங்க்கா, என்ன ஆச்சு?" என்றாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

7

ஒரு வருஷம் முடிந்து அட்டைக்கான நாள் வந்தது. அபி காலையிலேயே கிளம்பி நின்றாள்.

"நீ பள்ளிக்கூடத்துக்குப் போ. நான் தனியா போயிட்டு வாரேன்."

"உனக்குப் புரியாதும்மா. அவர் வேகமாப் பேசுவார்."

"மெதுவாப் பேசச் சொல்லுதேன்."

நம்பாமல்தான் போனாள்.

அதே அறை. அதே மனிதர். மகள் வரவில்லையா என்றுதான் முதலில் கேட்டார். பள்ளிக்கூடம் இருக்கிறது என்றேன். நான் கொண்டுபோன தாள்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் ஒரு தாளில் நின்றால் நானும் அதை எட்டிப் பார்த்தேன். புரியாத இடத்தில் எல்லாம் நிறுத்தி, மறுபடியும் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒரு சொல்லை மூன்று தடவை கேட்டேன். அவர் மூன்று தடவையும் சொன்னார். கடைசியில் தாள்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னது இதுதான்: இரண்டு வருஷத்துக்கு அட்டை தருகிறோம். உங்கள் சம்பாத்தியத்தில் குடும்பம் ஓட வேண்டும். இடையில் வேலை போனால் உடனே தெரிவிக்க வேண்டும். அப்போது மறுபடியும் பரிசீலிப்போம்.

மறுபடியும் பரிசீலித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டும் போல் இருந்தது. அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். ஒரே தடவைதான்.

வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் அபி நின்றுகொண்டிருந்தாள். பையைத் தோளில் மாட்டியபடி, பள்ளிக்குப் போகாமல் வந்திருக்கிறாள். என் முகத்தையே பார்த்தாள்.

"என்ன சொன்னாங்க?"

சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் வாய் வந்தது. அது பொய்யும் இல்லை. அவள் முகத்தில் ஒரு வருஷமாக இருந்த இறுக்கம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கிப் போகும் என்று தெரிந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருஷம் என்றேன். என் வேலை போனால், அப்பா முதுகு சரியாகாமலே இருந்தால், மறுபடியும் அதே கதவு, அதே சொல் என்றேன். ஆஸ்பத்திரியில் என் சோதனைக் காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது என்பதையும் விடவில்லை.

"எதையும் விடலல்ல?"

"விடல."

"உனக்குப் பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்."

"நீ இன்னைக்கு எந்தப் பரீட்சைக்குப் போகாம வந்தே?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்தாள். "கணக்கு."

"அப்பம் கணக்குக்குப் பயப்படு. இதுக்கு நான் பயந்துக்கிடுதேன்."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். போனை எடுத்துத் தோழி யாருக்கோ குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பஸ் திரும்பி மறையும்வரை அவள் என்னைப் பார்க்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் போவார்கள். நான் நிழற்குடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கான பஸ் வந்து, கதவைத் திறந்து, கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போயிற்று.